திருகோணமலை நடன டீச்சர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டீச்சரின் முதலாவது ஆண்டுத் திவசத்தன்று, சாப்பாட்டுப் பந்தியில் இருந்தபோதே கேள்விகள் தொடங்கிவிட்டன. பிள்ளைகளைச் சேர்க்க வரும் பெற்றோர், வெளிநாட்டிலிருந்து தொலைபேசியில் அழைக்கும் பழைய மாணவிகள், ஒப்படைக்குத் தகவல் தேடிவரும் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் என்று பலரும் ஏறத்தாழ ஒரே விடயங்களையே கேட்கிறார்கள். ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக் கதை திரிந்துவிடக் கூடாது என்பதற்காக, அவரிடம் பழகிய நாங்கள் சிலர் கூடிப் பேசிப் பதில்களை ஒழுங்குபடுத்தினோம். எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் அவரிடம் பதினொரு வருடம் பழகியவள். என் எழுத்தில் பக்கச்சார்பு இருக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கும் “டீச்சர்” என்றே சொல்கிறீர்களே, அவருடைய பெயரை ஏன் குறிப்பிடுவதில்லை?

அது அவருடைய விருப்பம். அவர் வகுப்பு நடத்திய வீட்டு வாசலில் ஒருநாளும் பெயர்ப்பலகை இருந்ததில்லை; நிகழ்ச்சி அழைப்பிதழ்களிலும் பிள்ளைகளின் பெயர்களை அச்சிடுவாரே தவிர, “நெறியாள்கை” என்ற சொல்லுக்கு எதிரே எதையும் போட விடமாட்டார். ஓட்டோக்காரரிடம் “டீச்சர் வீடு” என்றால் போதும், பெருந்தெருவுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அதே ஒழுங்கையில் வேறு மூன்று ஆசிரியைகளும் குடியிருந்தார்கள். அவர்களுக்கு இதில் சிறு மனக்குறை இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

அவர் எங்கே, யாரிடம் பழகினார்? எந்தப் பாணியைக் கற்பித்தார்?

இளம் வயதில் யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்கி, சென்னை கலாக்ஷேத்திராவில் பயின்று திரும்பிய ஓர் ஆசிரியையிடம் பழகினார். ஆகவே அவர் கற்பித்த பரதநாட்டியத்தின் வழி, ருக்மிணி தேவி 1936 இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் வழி. அதற்கும் வேர், ருக்மிணி தேவிக்குக் கற்பித்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் இருக்கிறது. நேர்க்கோடுகள், முழுதாக விரியும் கைகள், தாழ்ந்த அரைமண்டி, அளவு மீறாத முகபாவம் ஆகியவற்றை டீச்சரின் பிள்ளைகளிடம் யாரும் அடையாளம் காணலாம். வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளை ஒவ்வொரு தரமாக எழுதி, ஆசிரியர் தரத்தில் சித்தியடைந்து, கலாவித்தகர் பட்டம் பெற்றார். அந்தச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் போகவில்லை. அரிசி அலுமாரியின் மேல்தட்டில், மின்சாரக் கட்டணப் பற்றுச்சீட்டுகளோடு கிடந்தது.

ஊருக்குத் திரும்பியபின் அரச பாடசாலையில் நடன ஆசிரியையாகவும், பின்னேரங்களில் வீட்டில் வகுப்பு நடத்துபவராகவும் ஓய்வுபெறும் வரை இருந்தார். ஓய்வுபெற்றதும் வீட்டு வகுப்பு மட்டும் தொடர்ந்தது.

முதல் வருடம் முழுவதும் தட்டடவு மட்டுமே சொல்லிக்கொடுப்பார் என்பது உண்மையா?

ஏறத்தாழ உண்மை. பரதத்தின் அடிப்படை அசைவுகளான அடவுகளில் முதலாவது, பாதத்தைத் தட்டி ஆடும் தட்டடவு. அவருடைய முறையில் அது எட்டு வகை. ஒவ்வொன்றையும் மூன்று காலங்களிலும், அதாவது மூன்று வேகங்களிலும், பிசகாமல் ஆடும் வரை அடுத்த அடவான நாட்டடவுக்குப் போக முடியாது. விஜயதசமியன்று சேரும் ஏழு வயதுப் பிள்ளை, அடுத்த நவராத்திரி வந்தபோதும் “தெய்யா தெய்” என்ற சொல்லுக்கே காலைத் தட்டிக்கொண்டிருப்பாள். வேறு வகுப்புக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோ அதற்குள் மேடையில் சலங்கையோடு ஆடி, அந்தப் படம் வரவேற்பறையில் தொங்கும். இதைப் பொறுக்க முடியாமல் பிள்ளையை நிறுத்திய பெற்றோர் பலர்.

அதற்கு அவர் கூறிய காரணத்தைப் பின்னாளில் நானே கற்பிக்கத் தொடங்கியபோதுதான் முழுதாக விளங்கிக்கொண்டேன். அரைமண்டி என்பது முழங்காலை மடிப்பது மட்டுமல்ல. தொடை இடுப்பு மூட்டிலிருந்து வெளிப்புறம் திரும்ப வேண்டும், முழங்கால் பாதவிரல்களின் திசையிலேயே நிற்க வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். இடுப்பு திரும்பாமல் பாதங்களை மட்டும் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டு ஆடும் பிள்ளைக்கு அந்தச் சுமை முழுவதும் முழங்காலின் உட்பக்கத்தில் விழும். ஏழு வயதில் அது வலிக்காது; பதினாறு வயதில், நீண்ட உருப்படியான வர்ணம் பழகும் நேரத்தில் வலிக்கும், அப்போது திருத்தவும் முடியாது. “இப்ப நீ ஆடுறது எனக்குக் காட்ட இல்லை, பிள்ளை, பத்து வருசம் கழிச்சு இருக்கப்போற உன்ர முழங்காலுக்கு” என்பார். அப்போது நாங்கள் அதைக் கேட்டுச் சிரித்தோம். இன்று நாற்பது வயது கடந்த அவருடைய மாணவிகள் பலர் தரையில் சம்மணமிட்டு இருந்து, கையூன்றாமல் எழும்புகிறார்கள்.

தம் மாணவிகள் எவருக்கும் அரங்கேற்றம் செய்விக்கவில்லை என்கிறார்களே, ஏன்?

தனி அரங்கேற்றம் செய்விக்கவில்லை. இதுதான் எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. எங்களுக்குள்ளேயே இன்றுவரை வாதத்துக்குரியதாக இருப்பதும் இதுதான்.

அலாரிப்பில் தொடங்கி ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம் என்று சென்று தில்லானாவில் முடியும் வரிசையை 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் எனப்படும் சகோதரர்கள் ஒழுங்குபடுத்தினார்கள். அந்த வரிசை முழுவதையும் ஒரு மாணவி தனியாக ஆடிக்காட்டுவதே அரங்கேற்றம். டீச்சருக்கு அந்த வரிசையில் குறை இல்லை, முழுவதையும் கற்பித்தார். அவருக்கு ஒவ்வாதது செலவு. மண்டபம், பக்கவாத்தியக் கலைஞர்களுக்கான சன்மானம், மூன்று தடவை மாற்றும் உடை, நகை, அழைப்பிதழ், சாப்பாடு என்று ஒரு கலியாணச் செலவை இழுத்துவிடும் நிகழ்ச்சி, வகுப்பில் இருக்கும் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைக்கும் கடைக்காரர் பிள்ளைக்கும் இடையே ஒரு கோட்டைக் கீறிவிடும் என்று அவர் நினைத்தார். ஒருத்திக்குச் செய்தால், செய்ய முடியாத மற்றவள் தானாகவே வகுப்பைவிட்டு நின்றுவிடுவாள் என்பது அவருடைய அனுபவம்.

அதற்குப் பதிலாக, வர்ணம் வரை வந்த மாணவிகள் ஐந்தாறு பேரை ஒரே மேடையில் ஏற்றி, உருப்படிகளைப் பகிர்ந்து ஆடவைப்பார். ஒருத்தி ஜதீஸ்வரம் ஆடுவாள். இருவர் வர்ணத்தின் முற்பகுதியையும் பிற்பகுதியையும் எடுத்துக்கொள்வார்கள். தில்லானாவுக்கு எல்லோரும் சேருவார்கள். கோயில் திருவிழாவிலேயே அதை ஒப்பேற்றிவிடுவதால் மண்டபச் செலவும் இல்லை.

என் எண்ணத்தைச் சொல்வதானால், இந்த விதியால் நன்மை அடைந்தவர்களே அதிகம். ஆனாலும் இரண்டு பேராவது இழந்தார்கள். தனியாக இரண்டு மணிநேரம் மேடையைத் தாங்கக்கூடிய ஆற்றல் அவர்களுக்கு இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு இந்த ஊரில் கிடைக்கவில்லை. அவர்களில் ஒருவர் இப்போது கனடாவில் கற்பிக்கிறார். தன் முதல் மாணவியின் அரங்கேற்றத்துக்கு நட்டுவாங்கம் செய்ய, அதாவது தாளம் தட்டி ஆட்டத்தை நடத்த, டீச்சரை அழைத்தார். டீச்சர் போகவில்லை, வாழ்த்துக் கடிதமும் ஒரு சோடி தாளமும் அனுப்பினார். அந்தத் தாளம் அவருடைய சொந்தத் தாளம் என்பதை அடுத்த சனிக்கிழமை வகுப்பில் புதுத் தாளத்தைக் கண்டபோதுதான் அறிந்தோம்.

கட்டணம் எவ்வளவு வாங்கினார்? உடைகளுக்கு என்ன செய்தார்?

வாசற்படிக்கு அருகே ஒரு பால்மாப் பேணி இருக்கும். மூடியில் காசு போடும் அளவுக்கு வெட்டு. மாதத் தொடக்கத்தில் பிள்ளைகள் அதற்குள் எதையாவது போட வேண்டும். யார் எவ்வளவு போட்டார்கள், போட்டார்களா இல்லையா என்பதை அவர் பார்ப்பதில்லை. முருங்கைக்காயும் சீலா மீனும் அந்தப் பேணிக்குள் போகாது என்பதால், அவை நேரே குசினிக்குப் போய்விடும்.

உடைகளுக்கு ஒரு றங்குப்பெட்டி இருந்தது. பழைய பட்டுச் சேலைகளை வெட்டித் தைத்த நடன உடைகள், நெற்றிச்சுட்டி, இராக்கொடி, ஒட்டியாணம், சலங்கை அனைத்தும் அதற்குள் இருக்கும். பக்கங்களை உள்ளே மடித்துத் தைத்திருப்பதால், வளரும் பிள்ளைக்குத் தையலைப் பிரித்து விட்டுக்கொடுக்கலாம். ஒரே உடையை நான் அணிந்தேன், என் தங்கச்சி அணிந்தாள், பின்னர் அவளுடைய வகுப்புத் தோழியின் மகளும் அணிந்தாள். எது யாரிடம் போனது, எப்போது வந்தது என்பதெல்லாம் ஒரு கொப்பியில் இருக்கும். காசுக்குக் கணக்கு வைக்காதவர் கொக்கிக்குக் கணக்கு வைத்தார். ஒரு கொக்கி குறைந்தாலும் கேட்பார். பெட்டி இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையும் அதிலிருந்தே எடுத்து உடுக்க வேண்டும் என்ற விதியையும் நாங்கள் மாற்றவில்லை.

கோணேசர் பதிகத்துக்கு அவர் அமைத்த நடனத்தில் அப்படி என்ன சிறப்பு?

திருஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டில் திருகோணமலைக் கோயிலின் சிவனான கோணேசர் மீது பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது, பண் புறநீர்மை. திருகோணமலையில் வளர்ந்த பிள்ளைக்கு அதன் முதல் பாட்டு மனப்பாடமாக இருக்கும், பொருள் தெரியாமலே. டீச்சர் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

“நிரைகழல் அரவம் சிலம்பொலி அலம்பும்” என்று பாட்டுத் தொடங்குகிறது. கழல் ஆண் அணிவது; சிலம்பு பெண் அணிவது. இரண்டும் எப்படி ஒரே இடத்தில் ஒலிக்கும் என்று வகுப்பில் கேட்பார். இரண்டாம் அடியில் “வரைகெழு மகளோர் பாகமாப் புணர்ந்த வடிவினர்” என்று விடை வருகிறது: வலப்பாதி சிவன், இடப்பாதி உமை, ஆகவே வலக்காலில் கழல், இடக்காலில் சிலம்பு. இந்த ஒரு விளக்கத்தின் மீதே முழு நடனத்தையும் கட்டினார். வலக்கால் அழுத்தித் தட்டும், இடக்கால் தொட்டும் தொடாமலும் விழும். அடவு ஒன்றுதான், எடை வேறு. இரு கால்களும் ஒரே அளவில் ஒலிக்க வேண்டும் என்று எட்டு வருடம் பழக்கிய பிறகு, ஒலிக்கக் கூடாது என்று கேட்பார். என்னுடைய அனுபவத்தில் இதைவிடக் கடினமான உருப்படி வேறில்லை.

நான்காம் அடியில் “குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்” என்று வருகிறது. ஒலிக்கும் கடலின் அலை முத்துக்களைக் கொண்டுவந்து ஒதுக்கும் கோணமாமலை. பொதுவாக இந்த இடத்தில் கைகளால் அலையைக் காட்டுவார்கள். டீச்சர் கையைக் காட்ட விடவில்லை. ஆடுபவர்கள் எல்லோரும் வரிசையாக நின்று, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒருவர் பின் ஒருவராகக் காலைத் தட்டுவார்கள். ஒலி மேடையின் ஒரு பக்கத்தில் எழும்பி மறுபக்கத்தில் அடங்கும். இதைப் பழகுவதற்கு எங்களைக் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலைக்குக் கூட்டிச்சென்று, கோட்டை வாசலில் மான்களுக்குப் பின்னால் ஓடிய சின்னப் பிள்ளைகளை அதட்டி அழைத்து, இராவணன் வெட்டு என்ற மலைப் பிளவுக்கு மேலே நிறுத்தி, கீழே கடல் மோதும் இடைவெளியை எண்ணச் சொன்னார். “கடலைப் பாராமல் கடல் ஆடுறியள். சம்பந்தர் இங்க வராமலே பாடினவர், நீங்கள் இங்க இருந்துகொண்டே பாராமல் திரியுறியள்” என்றார். சம்பந்தர் இராமேசுவரத்திலிருந்தே இப்பதிகத்தைப் பாடினார் என்பது பெரியபுராண மரபு.

சிவராத்திரியை அடுத்துக் கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் இந்த நடனம் ஆடப்படும். அதன் கால் எடைக் குறிப்புகளை எழுதிவைத்திருக்கிறோம். எழுத்திலிருந்து பழக முடியாது என்பதையும் அதே தாளில் எழுதியிருக்கிறோம்.

யுத்த காலத்தில் வகுப்பு நடந்ததா?

1990 யூனில் மீண்டும் சண்டை மூண்டபோது ஊரே கலைந்தது. அப்போது நீண்டகாலம் வகுப்பு இல்லை. பிறகு இரண்டு பிள்ளைகளோடு தொடங்கி, மெல்ல மெல்ல நிறைந்தது. பொழுதுபடுமுன் எல்லோரும் வீடு சேர வேண்டும் என்பதால் வகுப்பு நேரம் பின்னேரம் இரண்டு மணிக்கு மாறியது. அந்த வெயிலில் நடனமா என்று கேட்டவர்களுக்கு, வெயில் ஆளைக் கொண்டுபோகாது என்று பதில் சொன்னார்.

மூதூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் லோஞ்சில், அதாவது மோட்டார் படகில், வருவார்கள். கிண்ணியாப் பக்கத்திலிருந்து வருவதென்றால் பாதை எனப்படும் மிதவையில் ஏறித் துறையைக் கடக்க வேண்டும். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை அதுதான் வழி. அதனால் தூரத்துப் பிள்ளைகளுக்கு என்றே ஒரு பாடமுறை வைத்திருந்தார். அவர்கள் லோஞ்சில் இருக்கும் நேரத்தில் சொற்கட்டை, அதாவது அடவுக்குரிய தாளச் சொற்களை, பலகையில் கையால் தட்டிப் பாடம் பண்ண வேண்டும். வகுப்புக்கு வந்ததும் காலுக்கு மாற்றினால் போதும். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்து லோஞ்ச் ஓடாத வாரங்களுக்கும் சேர்த்து முன்கூட்டியே சொற்கட்டு எழுதிக் கொடுத்துவிடுவார்.

அப்படி வந்தவர்களில் ஒருத்தி சம்பூர்க்காரி. 2006 இல் சம்பூர் மக்கள் இடம்பெயர்ந்தபோது அவளும் குடும்பத்தோடு முகாம் முகாமாக அலைந்தாள். 2015க்குப் பின்னர் மக்கள் மீளக் குடியமரத் தொடங்கியபோது திரும்பிச் சென்று, இப்போது அங்கே பிள்ளைகளுக்குப் பழக்குகிறாள். அவளிடம் பழகும் பிள்ளைகளும் பலகையில் தட்டித்தான் சொற்கட்டுப் பாடம் பண்ணுகிறார்கள். லோஞ்ச் ஏறவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. ஆனாலும் அதுதான் முறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சுனாமிக்குப் பிறகு முகாம்களில் கற்பித்தார் என்கிறார்களே?

2004 டிசம்பர் 26 அன்று கடற்கரையோரம் முழுவதும் பாதிக்கப்பட்டபின், பாடசாலைகள் முகாம்களாகின. தை மாதம் ஒரு முகாமுக்குப் போய்க் கோலாட்டம் பழக்கினார். பரதம் இல்லை, கோலாட்டம். இரண்டு தடிகளும் ஒரு வட்டமும் இருந்தால் நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் சேரலாம், முன்பின் பழகியிருக்கத் தேவையில்லை, எதிரே நிற்பவளின் தடியைக் கவனித்தே ஆக வேண்டும் என்பதால் மனம் வேறெங்கும் ஓடாது.

நிவாரணப் பணியோடு வந்த சிலர், பிள்ளைகள் அலை வந்த கதையை நடனமாக ஆடினால் நல்லது, வந்தவர்களுக்குக் காட்டலாம் என்று கேட்டார்கள். டீச்சர் மறுத்துவிட்டார். ஏன் என்று அவர்கள் கேட்டதற்கு, பிள்ளைகள் ஆடி முடிந்ததும் கைதட்டுவீர்களா என்று திருப்பிக் கேட்டார். கோணேசர் பதிகத்தையும் அந்த வருடம் ஆடவிடவில்லை.

மற்றச் சமூகத்துப் பிள்ளைகளும் பழகினார்களா?

பழகினார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் தொடக்கத்திலிருந்தே இருந்தார்கள். நத்தார் காலத்தில் தேவாலய நிகழ்ச்சிக்கு அவர்களுக்கென்று கும்மி அமைத்துக் கொடுப்பார். சிங்களப் பிள்ளைகள் சிலர் தந்தையின் உத்தியோக மாற்றத்தோடு வந்து, அதே மாற்றத்தோடு போனார்கள். சொற்கட்டைச் சிங்கள எழுத்தில் எழுதிப் படித்த கொப்பி ஒன்று றங்குப்பெட்டிக்குள் இருக்கிறது. முஸ்லிம் பிள்ளைகள் நடன வகுப்புக்கு வருவது அரிது. அவர்களுடைய தாய்மார் சிலர் உடை தைத்துக் கொடுத்தார்கள், அந்தத் தையல்தான் நான் மேலே சொன்ன விட்டுக்கொடுக்கும் தையல்.

ஆண் பிள்ளைகள்?

எண்ணிச் சொல்லக்கூடிய சிலர். நட்டுவனார்கள் எல்லோரும் ஆண்கள்தானே என்று பெற்றோரிடம் வாதாடுவார், பெரும்பாலும் தோற்றுப்போவார். தங்கியவர்களில் ஒருவர் இன்று எங்களுக்கு மிருதங்கம் வாசிக்கிறார்.

பரதம் மட்டும்தான் கற்பித்தாரா?

பாடசாலைத் தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்காகக் கிராமிய நடனங்களும் பழக்கினார். ஆனால் அந்தக் கிராமிய நடனங்களை அவர் பரதத்தின் சிறுபிள்ளையாக நடத்தவில்லை. கும்மியும் காவடியும் வசந்தனும் வேண்டுமென்றால் தம்பலகாமம் போன்ற வயற்கரை ஊர்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச்சென்று, அங்குள்ள பெரியவர்களைப் பாடச் சொல்லி, அவர்கள் ஆடும்போது முதுகு எப்படி வளைகிறது என்று கவனிக்கச் சொல்வார். அரைமண்டியில் நின்று கும்மி அடிப்பதைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும். வயலில் குனிந்து நிமிர்ந்த உடம்புக்குச் சொந்தமான ஆட்டத்தை, முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டு ஆடுவது பொய் என்பார். நடுவர்கள் சில தடவை இதற்காகவே புள்ளி குறைத்தார்கள். அடுத்த வருடமும் அப்படியே ஆடவைத்தார்.

அவர் மிகவும் கண்டிப்பானவர், அடிப்பார் என்பது உண்மையா?

அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுத வேண்டாம் என்று எங்களுக்குள் முடிவு செய்திருந்தோம். அடித்ததில்லை, ஆனால் தாளம் தட்டும் தட்டுக்கழியை எறிந்திருக்கிறார், இரண்டு தடவை நான் கண்டிருக்கிறேன். வாய் மிகக் கூர்மையானது. உடல் பருமனான ஒரு மாணவியிடம் அவர் சொன்ன ஒரு சொல்லால் அவள் வகுப்பைவிட்டு நின்றாள். பல வருடங்களுக்குப் பின்னர் அவளுடைய கலியாணத்துக்கு டீச்சர் போய், எல்லோர் முன்னிலையிலும் அதைக் குறிப்பிட்டு, தன் பிழை என்று சொன்னார். அவள் அதை ஏற்றுக்கொண்டாளா என்பது அவளுக்கே உரிய விடயம்.

சாதாரண தரப் பரீட்சையைக் காரணம் காட்டி நிறுத்தப்படும் பிள்ளைகளின் வீடுகளுக்கு நேரே போய்விடுவார். நடனமும் அதே பரீட்சையில் ஒரு பாடம்தானே, அதற்கும் எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் இருக்கிறதே என்று தொடங்கினால், தேத்தண்ணி ஆறிப்போகும் வரை எழும்பமாட்டார். அப்படி மீட்கப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. என் அப்பா வாதத்தில் தோற்று ஒப்புக்கொள்ளவில்லை. டீச்சரை வீட்டைவிட்டு அனுப்ப வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்.

வகுப்பு நடந்த மண்தரையை மாற்றியது ஏன்?

வீடு முழுவதும் சீமெந்து போட்டபோதும், வகுப்பு நடந்த பின்பக்க விறாந்தையை மட்டும் சாணி மெழுகிய மண்தரையாகவே விட்டிருந்தார். சீமெந்தில் காலைத் தட்டினால் அந்த அதிர்ச்சி கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் திரும்பிவரும். மண் அதில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். மாரி மழைக்கு ஈரம் கசியும் என்பதால் மார்கழியில் அரைவாசி நாட்கள் சொற்கட்டும் முத்திரையும் தாளமும்தான். ஒற்றைக்கை முத்திரைகள் இருபத்தெட்டையும் நாங்கள் பாடம் பண்ணியது மழை நாட்களில்தான்.

அவர் காலமானபின் வீட்டுக்காரர் அந்த விறாந்தைக்கு மாபிள் பதித்தார்கள். சிலர் மிகவும் வருந்தினார்கள், ஒருத்தி அழுதாள். வாரத்துக்கு ஒரு தடவை சாணி மெழுக இன்று ஆள் யார் என்று அந்த வீட்டுப் பெண் கேட்டபோது எங்களில் எவருக்கும் பதில் இல்லை. ஆகவே அவர்களைக் குறைசொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்போது மாபிளின் மேல் பலகை அடித்து ஆடுகிறோம். குதித்துக் குதிகாலை இறக்கும் குதித்து மெட்டடவை ஒரு நாளில் சிறிது நேரத்துக்கு மேல் ஆடவிடுவதில்லை.

இப்போது யார் கற்பிக்கிறார்கள்? அதே மாதிரி இருக்குமா?

நான்கு பேர் முறை வைத்துக் கற்பிக்கிறோம். எங்களில் ஒருவர், மட்டக்களப்பில் 1982 இல் சுவாமி விபுலானந்தரின் பெயரால் தொடங்கி இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் நிறுவகமாக இருக்கும் இடத்தில் பட்டம் பெற்றவர். மற்ற மூவரும் டீச்சரிடம் மட்டும் பழகியவர்கள். அதே மாதிரி இருக்காது. நால்வருக்கும் நான்கு நினைவுகள் இருக்கின்றன. தீர்மானம் எனப்படும் ஒரு முடிப்புக் கோவையை அவர் மூன்று தட்டில் முடித்தாரா ஐந்திலா என்று பிள்ளைகள் முன்னிலையிலேயே வாதாடியிருக்கிறோம். வேறுபடும் இடங்களில் இரண்டையும் கற்பிப்பது என்று இப்போது உடன்பட்டிருக்கிறோம். தட்டுக்கழி அன்றன்று கற்பிப்பவரிடம் இருக்கும். எறிவதற்கு எவருக்கும் அனுமதி இல்லை.

பழைய படங்கள், கொப்பிகள் இருந்தால் தரலாமா?

தரலாம், முக்கியமாகக் கொப்பிகள். முப்பத்தொராம் நாள் கிரியையன்று வெளியிட்ட கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில், வழக்கமான தேவாரத்துக்கும் இரங்கலுரைகளுக்கும் பின்னால், அவருடைய அடவு வரிசையையும் சொற்கட்டுகளையும் பன்னிரண்டு பக்கங்களில் அச்சிட்டோம். நினைவிலிருந்து எழுதியதால் பிழைகள் இருக்கின்றன. யாரிடமாவது அந்தக் காலத்துக் கொப்பி இருந்தால், மூலத்தை வைத்துக்கொண்டு ஒரு பிரதி தந்தால் போதும். படங்கள் எங்களிடம் நிறைய இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் டீச்சர் இல்லை. அவர் எப்போதும் பக்கத்திரைக்குப் பின்னால் நின்றார்.

பிள்ளையைச் சேர்க்க என்ன கொண்டுவர வேண்டும்?

விஜயதசமியன்று காலை வந்தால் நல்லது. தவறினால் எந்தச் சனிக்கிழமையும் பின்னேரம் இரண்டு மணிக்கு வரலாம். ஏழு வயதாவது நிரம்பியிருக்க வேண்டும். வெற்றிலை, பாக்கு, ஒரு தேங்காய் போதும். தட்டில் காசு வைக்க வேண்டாம், பேணி அதே இடத்தில்தான் இருக்கிறது. தலைமயிரை இறுக்கிப் பின்னி, பருத்திச் சட்டையும் சேலைத்துண்டும் உடுத்தி, காலில் ஒன்றும் இல்லாமல் வர வேண்டும். சலங்கை வாங்கிவிட்டோம், என்ன செய்வது என்று போன வருடம் ஒரு தாய் கேட்டார். பிள்ளையின் பெயரை எழுதி ஒட்டி, றங்குப்பெட்டிக்குள் வைத்திருக்கிறோம்.